மதகிலிருந்து நடந்து வா

"அண்ணா, பேருதான் பிக்கப்பு. வண்டில பிக்கப்பே இல்லண்ணா."

கத்திரி வெயில் நாள், பிற்பகல் மூன்று மணி. ஓட்டுநர் சொன்னதைக் கேட்டுக் கடைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. வல்லத்திலிருந்து ஒரகடத்துக்கு இரும்பு உதிரிகளை ஏற்றிப் போகிற வண்டி. மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் முப்பதைத் தாண்டவில்லையாம். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹாரனை விடாமல் அடித்திருக்கிறது. ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஒரு பதினைந்து நிமிடம். பிறகு பழையபடி திணறல்.

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். வேறொரு இடத்தில் ஸ்கேன் போட்டு எழுதிக் கொடுத்தது. ரெயில் பிரஷர் குறைவு, ஹை பிரஷர் பம்பு மாற்ற வேண்டும், முடிந்தால் இன்ஜெக்டர்களும். அடியில் இருந்த தொகை அவனுடைய ஐந்து மாதச் சம்பளம்.

அந்த வண்டியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். பம்பைத் தொடுவதற்கு முன்னால் டீசல் டேங்கின் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது பாதி என் தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் டீசலைத் தொட்டதே கிடையாது.

*

பிள்ளைப்பாக்கத்தை இன்று சிப்காட்டாகத்தான் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அது ஏரி. மழை நன்றாகப் பெய்த வருஷம் கலங்கல் வழிந்து, உபரித் தண்ணீர் செம்பரம்பாக்கம் போய்ச் சேரும். என் தாத்தா நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, எந்தக் கால்வாய்க்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று முறை வைப்பது, கரையில் நண்டு வளை விழுந்தால் அடைப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் என்று மாதம் ஒன்றும் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள்.

கடைமடைக்காரர் ஓடி வந்து "எனக்குத் தண்ணி வரல" என்று கத்துவார். தாத்தா கடைமடைக்குப் போகவே மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மதகுக்குப் போவார். அங்கிருந்து கால்வாயோடு நடந்து வருவார். எங்கே தண்ணீர் குறைகிறது, எங்கே ஒருவன் திருட்டு மடை வெட்டியிருக்கிறான், எங்கே கோரை அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். "காய்ஞ்ச வயலப் பாத்து இன்னாடா தெரியும்? தண்ணி இருக்கற எடத்துலேர்ந்து நடந்து வா" என்பார். நான் பின்னாலேயே நடப்பேன். எனக்கு அப்போது ஏழெட்டு வயசு. வாத்தியார் வைத்துச் சொல்லிக் கொடுத்தாலும் டீசல் லைனைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் ஊருக்கு டீசல் வண்டியில் வரவில்லை, கிணற்றுக்குத்தான் வந்தது. சென்னை மாகாணத்தில் ஆயில் இன்ஜின் வைத்துக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கலாம் என்று 1900களின் தொடக்கத்திலேயே ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற அரசாங்கப் பொறியாளர் செய்து காட்டினார். கவலை ஏற்றமும் மாடும் செய்த வேலை அது. அந்தக் காலத்து இன்ஜின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலோ மட்ட எண்ணெயிலோ ஓடியவை. என் காலத்தில் ஊரில் இருந்தது கிர்லோஸ்கர். ஒற்றை சிலிண்டர், பெரிய சக்கரம், கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். டீசல் டேங்க் இன்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். டீசல் தானாகவே இறங்கும். டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்பு அதற்குத் தேவையில்லை, மேட்டில் ஏரி இருந்தால் பள்ளத்துக்குத் தண்ணீர் போகிற அதே கணக்கு.

*

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது இன்றைக்கும் பல ஓட்டுநர்களுக்கு ஆச்சரியம். ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் அவருடைய இன்ஜின் ஒழுங்காக ஓடிக் காட்டியது. ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கினால் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். கேட்க எளிது. இறுக்கிய காற்றுக்குள் எண்ணெயை எப்படி நுழைப்பது? அங்கேதான் அழுத்தம் என்ற வில்லங்கம் தொடங்கியது. டீசல் கையாண்ட வழி, இன்னும் அதிக அழுத்தத்தில் காற்றை ஊதி, அந்தக் காற்றோடு எண்ணெயை உள்ளே தள்ளுவது. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். ஆலையிலும் கப்பலிலும் அதை வைக்கலாம், லாரியில் எங்கே வைப்பது? 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து டீசல் காணாமல் போனார். கடலில்தான் உடல் கிடைத்தது. தன் இன்ஜின் சாலையில் ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

அதைச் சாலைக்கு இறக்கியதில் பெரிய பங்கு ராபர்ட் போஷின் பம்புக்கு. 1922இல் வேலையைத் தொடங்கி 1927இல் தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளியே அனுப்பினார்கள். உள்ளே இருப்பது ஒரு சின்ன எஃகுத் தண்டும் அது நுழைகிற குழலும். நாங்கள் அந்த ஜோடியை எலிமெண்ட் என்போம். தண்டுக்கும் குழலுக்கும் நடுவில் இரண்டு மூன்று மைக்ரான்தான் இடைவெளி. தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். ரப்பர் வாஷர் இல்லை, சீல் இல்லை. அந்த இடைவெளியே சீல். அதனால் ஒரு தண்டை எடுத்து இன்னொரு குழலில் போட முடியாது. பிறந்ததிலிருந்தே ஜோடி.

1951இல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி தொடங்கியது. சுருக்கப் பெயர் மைக்கோ. போஷின் தொழில்நுட்பம். சில ஆண்டுகளில் நாடெங்கும் டீசல் பம்பு என்றாலே மைக்கோ என்று ஆனது. 2008இல் கம்பெனி பெயர் போஷ் என்று மாறிவிட்டது. எங்கள் தெருவில் இன்னும் மாறவில்லை. "மைக்கோ பம்பு கழட்டணும்ணா" என்றுதான் கிழட்டு லாரிக்காரர்கள் வருகிறார்கள். அதே ஐம்பதுகளில் எண்ணூரில் அசோக் லேலண்டும் சென்னையில் சிம்சனின் பெர்கின்ஸ் இன்ஜினும் வந்துவிட்டன. லாரியும் பஸ்ஸும் டிராக்டரும் பெருகப் பெருக, பம்பு நாசில் கடை என்று ஒரு தனிச் சாதி பிறந்தது. மெக்கானிக் இன்ஜினைப் பிரிப்பார், ஆனால் பம்பைப் பிரிக்க மாட்டார். அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, எங்களிடம் கொண்டு வந்து இறக்குவார்.

*

நான் 1980இல் பதினாறு வயதில் சென்னையில், ஜி.பி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பம்பு கடையில் சேர்ந்தேன். எங்கள் மேஸ்திரி பஸ் டெப்போ ஒன்றின் பம்பு ரூமில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கடைக்குள் செருப்பு போட்டு வரக் கூடாது. ஃபேன் கிடையாது. தூசி. மே மாதத்திலும் கதவை மூடிக்கொண்டு வியர்த்து வழிய வேலை செய்வோம். முதல் ஒரு வருஷம் எனக்குக் கொடுத்த வேலை நாசிலைக் கழுவுவதும் கேட்பதும்தான்.

கேட்பது என்றால் காதால். நாசில் டெஸ்டர் என்பது கைப்பிடி வைத்த ஒரு சின்ன பம்பு, மேலே ஒரு கடிகாரம். நாசிலை மாட்டிக் கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் முள் ஏறும். 100, 120, 150. குறித்த அளவு வந்ததும் ஊசி தூக்கி டீசல் பனியாகப் பறக்கும். அப்போது நல்ல நாசில் கறகறவென்று ஒரு சத்தம் கொடுக்கும். "நாசில் கத்தணும்டா. கத்தாத நாசில் ஒழுகும்" என்பார் மேஸ்திரி. முள்ளைப் பார்க்க விடமாட்டார். கடிகாரத்தைத் துணியால் மூடிவிட்டு, கையிலும் காதிலும் வருவதை வைத்து எத்தனை என்று சொல்லச் சொல்வார். எட்டு மாதத்தில் ஐந்து கிலோ வித்தியாசத்துக்குள் சொல்ல வந்துவிட்டது. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதை நாங்கள் வெறும் கிலோ என்போம். இப்போது பார் என்கிறார்கள். கிட்டத்தட்ட ஒன்றுதான்.

டெஸ்ட் பெஞ்ச் மேஸ்திரியின் சொத்து. பம்பை அதில் பூட்டி மோட்டாரால் சுற்றினால், சிலிண்டருக்கு ஒன்றாக நிற்கிற கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் விழும். இத்தனை சுற்றுக்கு இத்தனை சி.சி. என்று மைக்கோ கொடுத்த சார்ட் சுவரில் தொங்கும். ஆறு குழாயிலும் ஒரே மட்டம் வரும்வரை திருகிக்கொண்டே இருப்போம். அதற்குப் பெஞ்ச் சார்ஜ் என்று தனிக் கூலி உண்டு. பம்பில் ஒரு பாகம்கூட மாற்றாவிட்டாலும் பெஞ்ச் சார்ஜ் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ரோட்டில் நின்ற வண்டியைப் பார்ப்பது வேறு வித்தை. ஆறு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று தெரிய, இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் தள்ளாடும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அதுதான் செத்த சிலிண்டர். டீசல் கையெல்லாம் பீச்சும். யாரும் கவலைப்பட்டதில்லை. அழுத்தம் இல்லை, இழுவை இல்லை என்றால் முதலில் ஃபில்டர் மேலிருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் குமிழைக் கையால் அடிப்போம். டீசலோடு நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை அடிக்க வேண்டும். இதற்கு ஏர் எடுப்பது என்று பெயர். நுரை நிற்கவே இல்லை என்றால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் எங்கோ லைன் காற்றைக் குடிக்கிறது. டீசல் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் அப்படித்தான். எனக்கு அதைப் புரியவைக்க மேஸ்திரி ஒரு இளநீர் வாங்கி, ஸ்ட்ராவில் குண்டூசியால் ஒரு ஓட்டை போட்டுக் குடிக்கச் சொன்னார்.

இன்னொரு எதிரி மண்ணெண்ணெய். ரேஷனில் மலிவாகக் கிடைத்ததை டீசலில் கலந்து ஓட்டுவார்கள். இன்ஜினுக்குத் தீனியாக இருப்பதோடு டீசலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, பம்புக்குள் வேறு எண்ணெய் எட்டாத இடங்களில் அதுவேதான் மசகு. மண்ணெண்ணெய் மெலிசு, மசகு போதாது. எலிமெண்ட்டில் கோடு விழும், கோடு வழியே டீசல் பின்னால் கசியும், அழுத்தம் போகும். லூகாஸ் வழி வந்த டி.பி.ஏ. பம்புகள் இன்னும் நொய்மை. அவை டிராக்டர்களில் நிறைய இருந்தன, உடம்பு முழுக்க டீசலில்தான் குளித்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தே கலப்படத்தைச் சொல்வார். ஓட்டுநர் சத்தியம் செய்வார். மேஸ்திரி விரலை நனைத்து நீட்டி, "அப்ப இத நக்கிச் சொல்லு" என்பார்.

*

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது 1996. சான்ட்ரோ வெளியே வந்தது 1998. அந்த வருஷம்தான் நான் சென்னையை விட்டு ஊருக்குத் திரும்பி, சிங்கப்பெருமாள்கோயில் போகிற சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். ஆலைகள் வந்தால் லாரி வரும், லாரி வந்தால் பம்பு வரும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. செயின்ட் கோபைன் கண்ணாடி வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான், 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ், பக்கத்தில் டயர் ஆலை, மோட்டார்சைக்கிள் ஆலை. தாத்தா தண்ணீர் பாய்ச்சிய வயல்களில் காம்பவுண்டு சுவர்கள் எழுந்தன. நீர்க்கட்டி என்ற வேலை யாரும் நீக்காமலே இல்லாமல் போனது.

எனக்குத் தப்பியது வேறொன்று. வண்டிகள் பெருகின, என் பெஞ்சுக்கு வருகிற பம்புகள் குறைந்தன.

ஜப்பானில் 1995இல் ஹினோ லாரிகளிலும், ஐரோப்பாவில் 1997இல் ஆல்ஃபா ரோமியோ காரிலும் வந்த காமன் ரெயில் முறை, 2002 வாக்கில் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. காரில். பழைய பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து, நேரம் பார்த்து, தள்ளிக் கொடுக்கும். காமன் ரெயிலில் பம்புக்கு அளக்கிற வேலை இல்லை. ஒரு தடித்த குழாயில் டீசலை அழுத்தி நிரப்பி வைக்கும், அவ்வளவுதான். அந்தக் குழாய்தான் ரெயில். எப்போது, எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் சொல்ல, இன்ஜெக்டர் மின்சாரத்தில் திறந்து மூடும். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. ரெயில் என்பது ஏரி. இன்ஜெக்டர் மதகு. கம்ப்யூட்டர் நீர்க்கட்டி.

2005இல் வந்த டாடா ஏஸில் இன்னும் பழைய முறைதான். இரண்டு சிலிண்டர், 702 சி.சி., எங்கள் பாஷையில் குட்டி யானை. அது எங்களுக்குச் சோறு போட்டது. 2011இல் அசோக் லேலண்ட் நிசானோடு சேர்ந்து கொண்டுவந்த தோஸ்த்தில் மூன்று சிலிண்டருக்கும் காமன் ரெயில். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ். 4 புகை விதி, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6. அதற்குப் பிறகு குட்டி வண்டிக்கும் கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது. டீசலும் மாறியது. பி.எஸ். 2 காலத்தில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு இருந்த கந்தகம் 350 ஆகி, 50 ஆகி, இப்போது 10. காற்றுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்பு டீசலின் இயற்கையான வழவழப்பையும் கொண்டுபோய்விடுகிறது. அதற்கு ஈடாக மசகுப் பொருளைச் சேர்த்துத்தான் பெட்ரோல் பங்க்குக்கு அனுப்புகிறார்கள்.

இனி அழுத்தத்தின் எண்ணைப் பாருங்கள். என் மேஸ்திரி துணி போட்டு மூடிய முள் 120இலும் 200இலும் நின்றது. காமன் ரெயில் வந்தபோதே 1,350 பார். பிறகு 1,600. இப்போது 2,000. உலகிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில் கடல் அழுத்துவது ஏறக்குறைய 1,100 பார். அதைவிட அதிகமான அழுத்தம், கை விரல் தடிமனுள்ள குழாய் ஒன்றில், காய்கறி ஏற்றிப் போகிற வண்டியின் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. இங்கே நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழைய வித்தை உயிருக்கு ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஊசியாகப் பீச்சும், தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலை ஏற்றிவிடும். நாற்பது வருஷம் கேட்டுப் பழகிய காதுக்கும் தொட்டுப் பழகிய கைக்கும் அந்தப் பக்கம் வேலை இல்லை.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. டேங்கிலிருந்து பம்பின் வாய்வரை. பல பிக்கப் வண்டிகளில் டேங்குக்குள் மோட்டார் கிடையாது. பம்போடு ஒட்டியிருக்கிற ஒரு சின்ன கியர் பம்பு டீசலை உறிஞ்சி எடுக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 24 அடி என்பது 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் குழந்தைக்கும் தெரியும். அந்த 24 அடித் தண்ணீர் ஏரியின் அடியில் கொடுக்கிற அழுத்தம் முக்கால் பார்கூட இல்லை. உறிஞ்சுகிற லைனில் நடக்கிற விளையாட்டும் அதற்குள்தான். 2,000 பார் இன்ஜினின் உயிர், ஒரு மனிதன் வாயால் உறிஞ்சுகிற பலத்தோடு ஒப்பிடக்கூடிய ஒரு இழுப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதை நான் தினமும் பார்த்தேன். மூழ்கி எழுந்த லாரிகளும் பிக்கப்புகளும் வரிசையாக வந்தன. டேங்க் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தது. டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் வாயும் அடியில்தான். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தவர்களின் பம்பு துருவேறி இறுகிப்போனது. பொறுமையாக டேங்கை இறக்கிக் கழுவியவர்கள் ஃபில்டரோடு தப்பித்தார்கள். பழைய பம்பு கெட்டால் அது மட்டும்தான் கெடும். காமன் ரெயில் பம்பு தீனி இல்லாமல் வறண்டு உரசினால் இரும்புத் தூள் பிறக்கும், தூள் ரெயிலுக்குப் போகும், அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் போகும். கடைமடை காய்வதோடு நிற்காது.

*

இனி அந்த பிக்கப்.

என் கடையில் ஸ்கேனரைப் பிடிக்கிறவன் பாலிடெக்னிக் படித்த பையன். மாட்டியதும் சொன்னான், பி 0087. ரெயில் பிரஷர் மிகக் குறைவு என்பதற்கு உலகம் முழுக்க உள்ள எண். தாளில் எழுதிக் கொடுத்தவரும் இதைத்தான் பார்த்திருக்கிறார். எண் பொய் சொல்லவில்லை. கடைமடைக்காரரும் பொய் சொன்னதில்லை. வயல் காய்ந்திருக்கிறது என்பது உண்மை. ஏன் என்பதுதான் கேள்வி.

முதலில் இன்ஜினை அணைத்து, ரெயில் அழுத்தம் முழுக்க இறங்கவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து சென்சாரைப் பார்த்தோம். அரை வோல்ட், அதாவது பூஜ்யம். சென்சார் சரி. ஓடவிட்டால் ஐடிலில் 300 பார், கேட்டதும் 300, கிடைப்பதும் 300. பையனை வண்டியோடு அனுப்பி ஏற்றத்தில் பார்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் 1,200 கேட்கும்போது கிடைப்பது 700, அதுவும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடிய பிறகு. அதற்கு முன் கேட்டதெல்லாம் கிடைக்கிறது.

இன்ஜெக்டர்கள் பின்னால் கசிகின்றனவா என்று பார்க்க எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. மருந்துக் கடையில் வாங்கிய சலைன் டியூப், நான்கு ஒரே அளவு பாட்டில். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வாயிலும் ஒன்று. ஓடவிட்டுப் பார்த்தால் எது அதிகம் ஒழுகுகிறதோ அந்தப் பாட்டில் முந்தி நிறையும். நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டம். எனக்கு மேஸ்திரியின் கண்ணாடிக் குழாய்கள் ஞாபகம் வந்தன. பம்பு தேய்ந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே திணறியிருக்கும், டீ குடிக்கிற நேரத்தில் குணமாகாது.

"தம்பி, டீசல் தீந்து எப்பனா நின்னுச்சா?"

யோசித்தான். "ஒரு மாசம் முந்தி வாலாஜாபாத் ரோட்டுலண்ணா. கேன்ல வாங்கி ஊத்தனேன்."

"எதுல ஊத்தன? புனலு இருந்துச்சா?"

பதில் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பம்பின் வாய்க்கு முன்னால் ஒரு வேக்கம் கேஜையும் ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் டியூபையும் மாட்டினோம். நுரை இல்லை. காற்று குடிக்கவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை ஏற்றிப் பிடித்துச் சிறிது நேரம் ஆனதும் கேஜ் முள் மெல்ல மெல்ல ஏறியது, பிறகு சட்டென்று ஏறியது. பம்பு இழுக்கிறது, பின்னாலிருந்து வரவில்லை. இன்ஜினை அணைத்தேன். முள் விழுந்தது. ஃபில்டர் புதுசு. அடுத்து லைனை டேங்கிலிருந்து பிரித்து, சுத்தமான டீசல் கேன் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அதிலிருந்து இழுக்கவிட்டோம். ஓட்டுநரை மேம்பாலம்வரை போய்வரச் சொன்னேன். அரை மணி கழித்துத் திரும்பி வந்தவன் முகத்தில்தான் பதில் இருந்தது.

"பறக்குதுண்ணா."

டேங்கை இறக்கினோம். டீசலை வடித்து, வாய் வழியே டார்ச் அடித்தால், அடியில் கலங்கலான நீல நிறத்தில் ஏதோ ஒன்று. நீளக் கம்பியை வளைத்து வெளியே எடுத்தேன். பால் கவர். ஒரு மூலையை வெட்டிப் புனலாகச் சுருட்டி ஊற்றியிருக்கிறான். கை நழுவி உள்ளே போயிருக்கிறது. அந்த பாலித்தீனைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். டீசல் தண்ணீரைவிட லேசு, அதனால் அதில் மூழ்கிவிடும். அடியில் கிடந்து, இழுப்பு அதிகமாகும்போது மெல்ல நகர்ந்துபோய் உறிஞ்சு குழாயின் வலையில் அப்பிக்கொள்ளும். இன்ஜின் நின்றால் இழுப்பு நின்று உதிர்ந்துவிடும். ஒரு டீ குடிக்கிற நேரம்.

மதகு வாயில் கோரை அடைத்தால் தாத்தா மூச்சைப் பிடித்து முங்கி இழுத்துப் போடுவார். கரையில் ஈரமாகக் கிடக்கிற அந்தக் கோரைக் கற்றையைப் பார்த்தால், இதுவா இத்தனை வயலைக் காயவைத்தது என்று இருக்கும். சிமென்ட் தரையில் ஈரமாகக் கிடந்த பால் கவரைப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

பையன் கேட்டான்: "ஏண்ணா, அவங்க ஸ்கேன்லயும் இதேதான வந்துருக்கும்? ஏன் டேங்கப் பாக்கல?"

அவர்கள் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் காலத்தில் பெஞ்ச் சார்ஜ் இருந்தது. பம்பை மாட்டி, ஓட்டி, "இதுல ஒண்ணும் கோளாறு இல்ல, எடுத்துக்கினு போ" என்று சொன்னாலும் எனக்குக் கூலி உண்டு. தாத்தாவுக்கு அளந்த நெல்லும் அப்படிப்பட்டதுதான். அவர் ஏரியில் எதையும் மாற்றவில்லை. நடந்து பார்த்தார். இன்றைய கணக்கில் பாகம் மாறினால்தான் பணம் வரும். பம்பு மாற்றினால் அதில் லாபம், இன்ஜெக்டர் மாற்றினால் அதில் லாபம். மூன்று மணி நேரம் டேங்கிலிருந்து லைனோடு நடந்து வருகிறவனுக்கு எந்தத் தலைப்பில் பணம் கொடுப்பது? அழுத்தம் பதினைந்து மடங்கு ஏறிய இதே காலத்தில் பார்க்கிற கூலி மட்டும் காணாமல் போனது. அது போனதும் பார்க்கிற பழக்கமும் கூடவே போகிறது.

ஓட்டுநர் தயங்கித் தயங்கி நின்றான். பணம் இருந்தது, முதலாளி கொடுத்தனுப்பியிருந்தார். பிரச்சினை வேறு.

"அண்ணா, ஆபீஸ்ல பில்லு கேப்பாங்க. இன்னா மாத்துனீங்கன்னு போடணும்ணா. கவர் எடுத்தோம்னு போட்டா என் வேல போயிடும்."

பில் புத்தகத்தைத் திறந்தேன். உதிரி பாகம் என்று ஒரு கட்டம், எண்ணிக்கை என்று ஒரு கட்டம், விலை என்று ஒரு கட்டம். பார்த்ததற்கு என்று கட்டம் கிடையாது. புத்தகம் நான்தான் அச்சடிக்கக் கொடுத்தது, எனக்கே தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, டேங்க் க்ளீனிங், எண்ணிக்கை 1 என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.